தாழ்ப்பாள் ஏன் எழுந்திருப்பதே இல்லை?

மார்ச் 9

அக்கா,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறே. மெசேஜ் அனுப்புனா படிச்சிட்டேன்னு காட்டுது, பதில் மட்டும் வர மாட்டேங்குது. அதான் கடிதமா எழுதி மெயில்ல அனுப்பறேன். போன்னா பாதியில வெட்டிடுவே. இதைக் கிழிக்கணும்னா முதல்ல அச்செடுக்கணும், உன் வீட்டு பிரிண்டர்ல மை தீர்ந்து வருஷமாச்சு.

ஜோக் எடுபடலைன்னு தெரியுது. விஷயத்துக்கு வர்றேன்.

புத்தகம் போடற அம்மா ஒருத்தங்க எழுதியிருக்காங்க. நம்ம 'கதவு திறக்காது' மொத்தத்தையும் ஒரே புத்தகமா போடணுமாம். கூடவே ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ அது எப்படி உருவாச்சு, எதை யோசிச்சுக் கைவிட்டோம்னு குறிப்பு வேணுமாம். முன்னுரைக்கு நான் எழுதிப் பாத்தது இதுதான்: "ஒரு அக்கா, அக்கா புருஷன், அக்காவோட தம்பி. மூணு பேரும் ஒரு பழைய வீடியோ கேமுக்குள்ள போய், தங்களோட பொம்மைகளைக் கோட்டை வாசல்ல நிக்க வச்சு, படம் புடிச்சு, அதுமேல வசன பலூன் ஒட்டி வாராவாரம் இணையத்துல போட்டாங்க. அவசரம்னு ஒரு வீரன், மருந்துக்காரின்னு ஒரு வைத்தியச்சி, இந்த ரெண்டு பேரையும் கடைசி வரைக்கும் உள்ள விடாத தாழ்ப்பாள்னு ஒரு காவக்காரன். இவ்வளவுதான் கதை."

நல்லா இருக்கா? மொட்டையா இருக்கு, இல்ல?

இன்னொண்ணு. அந்த விளையாட்டையே மூடப் போறாங்க. ஆடறதுக்கு ஆளில்லையாம். மே முப்பத்தொண்ணு மத்தியானத்தோட சர்வரை நிறுத்திடுவாங்க. அப்புறம் கோட்டை, வாசல், நம்ம பொம்மைங்க, ஒண்ணும் இருக்காது. அதுக்குள்ள புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் ஒண்ணு எடுக்கணும். நம்ம கதைக்கு இன்னும் முடிவே போடலியேக்கா.

வாசகர்கள் இன்னிக்கும் அதிகமா கேக்கற கேள்வி உனக்குத் தெரியும். தாழ்ப்பாள் ஏன் எழுந்திருப்பதே இல்லை? அதுக்கு நீதான் பதில் எழுதணும். நான் எழுதினா உனக்குப் பிடிக்காது.

தம்பி


மார்ச் 16

சுண்டு,

உன் கடிதம் வந்துச்சு. கிளினிக்ல இன்னிக்குக் கூட்டமில்ல, பல் டாக்டரே வரல. அதனால பதில் எழுதறேன். மன்னிச்சிட்டேன்னு அர்த்தம் இல்ல.

புத்தகம் போடு. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அந்தப் பக்கம் அதுல இருக்கக் கூடாது. எந்தப் பக்கம்னு கேக்காதே, உனக்கே தெரியும்.

நமக்குள்ள ஒரே ஒரு சட்டம்தான் இருந்துச்சு. ஒருத்தர் பொம்மையை இன்னொருத்தர் தொடக் கூடாது, ஒருத்தர் பொம்மைக்கு இன்னொருத்தர் வசனம் எழுதக் கூடாது. உன் அவசரம் பேசறதை நீ எழுது, என் மருந்துக்காரிக்கு நான் எழுதறேன், தாழ்ப்பாளுக்கு அவரு. அவரு வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் அந்த பலூனைக் காலியா விட்டுட்டு எத்தனை வாரம் காத்திருப்போம்! உன் மாமா சட்டம் அது. அவரு போய் ஒரு மாசம் ஆகல, நீ பழைய படம் ஒண்ணை எடுத்து, அவரு தலைக்கு மேல பலூன் ஒட்டி, "நான் எங்கேயும் போகல, இங்கேதான் இருக்கேன்"னு எழுதிப் போட்டே. வாசகர்கள் எல்லாம் உருகிட்டாங்க. நான் அதை கிளினிக்ல உக்காந்து படிச்சேன்டா. எதிர்ல கன்னம் வீங்கின ஒரு ஆளு டோக்கனோட நிக்கறான். எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. அவரு அப்படியெல்லாம் பேசற ஆளா? உருக்கமா ஒரு வார்த்தை சொல்லத் தெரியுமா அந்த மனுஷனுக்கு? உன் பேச்சை அவரு வாயில வச்சே. அவரு எங்கேயும் போகலைன்னு நீ சொன்னா ஆச்சா?

அதுக்கு முன்னாடி நடந்ததையும் நான் மறக்கல. வீட்டுக்கு வந்து அந்த ரூம்ல படுத்தவன், அவரு கம்ப்யூட்டர் சத்தம் தூங்க விடலைன்னு ஸ்விட்ச்சுல கை வச்சே.

சரி, உன் குறிப்பு. எழுதிக்கோ.

மருந்துக்காரி எப்பவும் முதுகைக் காட்டிட்டு நிக்கறது ஏன்? என் லேப்டாப் பழசு. அதுல அவ முகம் மட்டும் கருப்பா ஒரு கட்டமா வந்துச்சு. முகத்தைக் காட்ட முடியாம முதுகைக் காட்டினேன். அவளுக்கு முகத்துல தழும்பு, சாபம்னு வாசகர்கள் பக்கம் பக்கமா எழுதினாங்க. எழுதட்டும்னு விட்டுட்டோம்.

எல்லாப் படத்துலயும் ஓரத்துல ஒரு குதிரை நிக்குமே, அது யாரோ விட்டுட்டுப் போனது. நம்மளோடதில்ல.

தாழ்ப்பாள் பத்தி இப்போ எழுத முடியாது.

அக்கா


மார்ச் 18

அக்கா,

அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன். இணையத்துலயும் இல்ல, புத்தகத்துலயும் வராது. நான் செஞ்சது தப்புத்தான்.

ஆனா நானும் ஒண்ணு கேக்கணும். உனக்குப் போனது புருஷன். எனக்கு யாரும் போகலையா? வாரம் தவறாம எனக்குப் போன் பண்ணி, "என்னடா, இன்னிக்கு எத்தனை அம்புக்குறி போட்டே?"ன்னு கிண்டல் பண்ற ஒரே ஆளு அவருதான். துணி துவைக்கற மெஷினோட வர்ற விளக்கத் தாளுக்குப் படம் போடறவன்கிட்ட அதைக் கேக்கறதுக்கு வேற யாரு இருக்கா? உன் வீட்டுக்கு வந்தேன். அழ விடல நீ. வந்தவங்களுக்குத் தண்ணி குடு, நாற்காலி எடுத்துப் போடுன்னு விரட்டிட்டே இருந்தே. திரும்பி என் ரூமுக்கு வந்தா இங்க ஒரு கட்டில், ஒரு மேஜை, பேச ஒரு நாதி இல்ல. அந்தப் பக்கத்தைப் போட்டப்போ அவரு என்கிட்ட ஒரு வரி பேசுன மாதிரி இருந்துச்சு. அதுக்குத்தான் செஞ்சேன். வாசகர்களுக்காக இல்ல.

சொல்லிட்டேன். இனிமே இதைப் பேச மாட்டேன்.

கைவிட்ட யோசனைகளைத் தொகுத்திருக்கேன், பாரு. பல் டாக்டரை வில்லனா போடறதா இருந்தோம். நீ வேலை போயிடும்னு பயந்தே. அவசரத்துக்குக் கல்யாணம் பண்றதா இருந்தோம். பொண்ணா நடிக்க வந்தவ நிஜத்துலயே என்னை விட்டுட்டுப் போனதால அந்தக் கதையும் போச்சு. (இதைப் புத்தகத்துல போடல.) அப்புறம் தீவு. நான் வரைபடமெல்லாம் போட்டு வச்சிருந்தேன், மூணு பேரும் படகுல போறதா. மாமா உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. உக்காந்த ஆளைப் படகுல ஏத்த அந்த விளையாட்டுல வழி கிடையாது. ஒரு ஆளுக்காக ஒரு தீவையே கைவிட்டோம்.

இன்னொரு குறிப்பு. விளையாட்டை விட்டு எழுந்து போகும்போது நாம 'கடை' போட்டுட்டுப் போவோம் இல்ல, ஏதாவது ஒரு பொருளை விலைக்கு வச்சுட்டு? அப்படி வச்சா பொம்மை பாட்டுக்குக் கடையைப் பாத்துட்டு உக்காந்திருக்கும். கடை போடறப்போ அது ரெண்டு வரி கேக்கும். ஒண்ணு தலைக்கு மேல தொங்கற பலகை. இன்னொண்ணு நன்றி வரி, அது வாங்கினவங்களுக்கு மட்டும் தெரியும். என் நன்றி வரி எப்பவும் "ஏமாந்தியா?"தான். ஒரு வாசகர் கோச்சுக்கிட்டுப் புகாரே குடுத்தாரு.

சரி. இன்னிக்குச் சாயங்காலம் வாசலைப் படம் புடிக்கலாம்னு ரொம்ப நாளைக்கு அப்புறம் உள்ள போனேன்.

அக்கா, மாமா அங்க உக்காந்திருக்காரு.

பலகை தொங்குது. "லிஃப்ட் மாட்டிக்கிச்சாம். இதோ வந்துடறேன்." விலைக்கு அவரு எப்பவும் வைக்கற அதே ஒத்தை முள்ளங்கி, அதே யானை விலை.

கம்ப்யூட்டர் ஓடிட்டு இருந்தாத்தான் கடை இருக்கும். அப்போ அன்னிக்கு நான் ஸ்விட்ச்சுல கை வச்சது இதை அணைக்கவா? எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. நீ சும்மா அவரு பொருளைத் தொடக் கூடாதுன்னு கத்தறேன்னு நெனச்சேன்.

தம்பி


மார்ச் 29

சுண்டு,

பாத்துட்டியா. எப்படியும் ஒரு நாள் பாப்பேன்னு தெரியும்.

கம்ப்யூட்டரை ஏன் தொட விடலைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நான் சொல்லவே இல்லையே. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா என்னை ஒரு மாதிரி பாப்பாங்க.

அவரு போன அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சாப்பாடு எடுத்து வச்சுட்டுக் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம், இந்தத் தாழ்ப்பாள் பயலுக்கு ஒரு வசனம் பாக்கி"ன்னாரு. அதுக்குள்ள போன். ஏதோ அடுக்குமாடியில லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஒரு குடும்பம் மாட்டிக்கிட்டு இருக்கு. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிறு ஏது? கடையைப் போட்டாரு, பையைத் தூக்கினாரு. "தட்டை மூடி வை"ன்னாரு. நானும் சாப்பிடாம உக்காந்திருந்தேன். எப்பவும் அப்படித்தான். அவருக்கு அது பிடிக்காது, "நீ பட்டினி கிடந்தா லிஃப்ட் சீக்கிரம் ஓடுமா?"ன்னு திட்டுவாரு. மொட்டை மாடியில இருக்கற மோட்டார் ரூமுக்குப் படியேறிப் போயிருக்காரு. லிஃப்ட்தான் ஓடலியே. மேல போய் அதைச் சரி பண்ணி, அந்தக் குடும்பம் வெளியில வந்து, அப்புறம்தான் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். அவங்க எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான் தட்டை மூடி வச்சிருந்தேன்.

அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டரை அணைச்சா அவ்வளவுதான், திரும்ப உள்ள போக முடியாது. மானிட்டரை மட்டும் அணைச்சு மேல ஒரு துண்டைப் போட்டு வச்சிருக்கேன். கரண்ட் போனா நிக்காம இருக்கறதுக்கு ஒரு பேட்டரிப் பெட்டியும் வாங்கினேன். ரூம் சூடா கிடக்கு, ஃபேன் கொரகொரன்னு ஓடிட்டே இருக்கு. அந்தச் சத்தம் இல்லேன்னாதான் எனக்குத் தூக்கம் வராது.

தினம் கிளினிக் முடிஞ்சு வந்து, என் லேப்டாப்ல உள்ள போய் மருந்துக்காரியை அவரு பக்கத்துல உக்கார வைப்பேன். பேசறது எல்லாம் இல்ல. பைத்தியம் புடிக்கல எனக்கு. சும்மா உக்காந்திருப்பேன். பலகை "இதோ வந்துடறேன்"ன்னு சொல்லிட்டே இருக்கும்.

மே முப்பத்தொண்ணுன்னு எழுதினே. உனக்கு அது ஒரு தேதி. எனக்கு அன்னிக்குத்தான் அவரு நிஜமா போறாரு. கடைசிப் பக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவரு பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும், அணையறப்போ அணையட்டும்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. நீ இவ்வளவு நாளும் ஒத்தை ஆளா அதைத் தூக்கிச் சுமந்திருக்கே. நான் இங்க கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா அவரை அப்படியே விட எனக்கு மனசு வரல. திட்டினாலும் பரவாயில்ல, சொல்லிடறேன். நாம கைவிட்ட முடிவு ஞாபகம் இருக்கா? கடைசிப் பக்கத்துல தாழ்ப்பாள் எந்திரிக்கணும். அவ்வளவுதான், வேற ஒண்ணும் நடக்க வேணாம். மாமாகிட்ட சொன்னப்போ, "நான் எந்திரிச்சா கதை முடிஞ்சு போச்சுடா. உங்களுக்கெல்லாம் சலிச்சப்புறம் சொல்லுங்க, எந்திரிக்கிறேன்"னாரு. அப்புறம் பேச்சே எடுக்கல.

நின்ன மாதிரி அவரு படம் ஒண்ணு கூட நம்மகிட்ட இல்லக்கா. எல்லாம் தேடிட்டேன். உக்காந்த மனுஷன் உக்காந்தபடியே அழிஞ்சு போகணுமா?

அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி போய் நீ ஒரே ஒரு தட்டு தட்டினா போதும். கடை மூடும், எந்திரிச்சு நிப்பாரு. நான் இங்கேர்ந்து படம் புடிச்சுக்கறேன்.

தம்பி


ஏப்ரல் 5

சுண்டு,

தொட மாட்டேன். அவரு பொம்மை அது. சட்டம் உனக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

நீ சொன்னது சரிதான். அதனால ரெண்டு வாரமா வாயை மூடிட்டு யோசிச்சேன். ஆபீஸ்ல ஒரு மெஷினுக்கு மூடியைத் தலைகீழா வரைஞ்சு குடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது வேற கதை.

ஒரு வழி இருக்கு. யாரும் மாமா கம்ப்யூட்டரைத் தொட வேணாம். யாரும் அவரு வாயில வார்த்தை வைக்க வேணாம்.

கடையில இருக்கற பொருள் வித்துத் தீர்ந்துட்டா கடை தானா மூடிடும். பொம்மை தானா எந்திரிக்கும்.

அந்த முள்ளங்கியை யாராவது வாங்கணும்.

யாரும் வாங்கிடக் கூடாதுன்னுதான் மாமா அந்த விலை வச்சாரு. விளையாட்டு அனுமதிக்கற உச்ச விலை. அந்த அளவு பொற்காசு நம்ம ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்தாலும் தேறாது. என் வாள், கவசம், தீவுக்காக வாங்கி வச்ச படகு எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன், எப்படியும் மே மாசத்தோட எல்லாம் போகப் போற பொருள்தானே. அப்பவும் பத்தாது. வாசகர்கள்கிட்ட கேக்கலாமா? பாதிப் பேரு அந்த விளையாட்டை ஆடினவங்கதான். இந்தத் தடவை உன்னைக் கேக்காம ஒரு வரி கூட எழுத மாட்டேன். நீ வேணாம்னா இதோட விட்டுடறேன்.

வாங்கறதுன்னா நீதான் வாங்கணும். நான் வாங்க மாட்டேன்.

தம்பி


மே 2

சுண்டு,

பத்து நாளா பதில் எழுதி எழுதி அழிச்சேன்.

உனக்குப் புரியற மாதிரி சொல்லத் தெரியல. அந்த முள்ளங்கி இருக்கற வரைக்கும் அவரு கடையைப் போட்டுட்டு வெளியில போயிருக்காருன்னு இருக்கு. போனவரு வரலாம். முட்டாள்தனம்தான், தெரியும். நான்தானே ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன். ஆனாலும் சாயங்காலம் வந்து அந்தப் பலகையைப் பாத்தா ஒரு ஆறுதல். முள்ளங்கியை வாங்கிட்டா அதுவும் போயிடும். அப்புறம் நான் எதைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?

அப்புறம் நேத்து லிஃப்ட்ல வந்தேன். நம்ம கட்டடத்துல இப்போ வேற மெக்கானிக். கதவு மூடறப்போ ஒரு சத்தம் வந்துச்சு. உன் மாமா இருந்தா "பேரிங் போகப் போவுது"ம்பாரு. அந்தப் புதுப் பையனைப் புடிச்சு நானே சொன்னேன். அவன் பாத்துட்டு, "ஆமாங்க்கா, கரெக்டா சொல்றீங்களே"ன்னான். வீட்டுக்குள்ள வந்து ரொம்ப நேரம் அழுதேன். அவரு போனப்புறம் நான் சரியா அழுதது அப்பத்தான்னு நெனைக்கிறேன். உன்னை அழ விடலைன்னு எழுதியிருந்தியே, நானும் அழலடா. வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டே இருந்தேன்.

கேட்டுப் பாரு. யாரையும் கட்டாயப்படுத்தாதே. அவரு பேரைச் சொல்லி உருக்கமா எதுவும் எழுதாதே. "தாழ்ப்பாள் கடையில முள்ளங்கி வாங்கணும், உதவுங்க"ன்னு மட்டும் போடு.

அக்கா


மே 11

சுண்டு,

என்னடா இது! வாசல்ல வரிசை கட்டி நிக்கறாங்க.

நேத்து உள்ள போனேன், எனக்கு ஒண்ணுமே புரியல. கவசம் போட்டவன், ரெக்கை வச்சவ, கரடி மேல உக்காந்தவன், எல்லாரும் கோட்டைச் சுவரோரமா வரிசையா நிக்கறாங்க. ஒவ்வொருத்தரா வந்து மருந்துக்காரி கையில காசைக் குடுத்துட்டு, தாழ்ப்பாள் முன்னாடி ஒரு நொடி நின்னுட்டு, ஒண்ணும் பேசாம போறாங்க. பச்சைத்தொப்பி போட்ட ஒருத்தர் மட்டும் "இது உங்க தாழ்ப்பாள் சாருக்குங்க. பாதியைத் தந்துட்டேன், மீதியில என் குதிரைக்குக் கடைசியா தீனி வாங்கணும்"னாரு. எந்தக் குதிரைன்னு கேட்டேன். அதோ அதுதாங்க, ரொம்ப வருஷமா இங்கேயே விட்டு வச்சிருக்கேன்னு ஓரத்தைக் காட்டினாரு. நம்ம படத்துல எல்லாம் நிக்குதே, அந்தக் குதிரை! சொந்தக்காரரு ஆப்டுட்டாருன்னு குறிப்புல போட்டுடு.

சிரிச்சேன்டா. சிரிச்சதும் சட்டுனு அவருகிட்ட சொல்லணும்னு திரும்பினேன். பக்கத்துல பலகை.

காசு சேர்ந்துடுச்சுன்னு நெனைக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு.

அக்கா


மே 12

அக்கா,

சேர்ந்துடுச்சு. கொஞ்சம் மிச்சமே இருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் விளையாட்டுக்குள்ள வர்றேன். அவசரத்தை மரத்தடியில நிறுத்திட்டு நான் தூரமா நிப்பேன். வாசகர்கள் யாரும் வேணாம்னு சொல்லிட்டேன். நீ எப்போ வாங்கறியோ அப்போ வாங்கு. வாங்காம எந்திரிச்சுப் போனாலும் சரி, ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு படம் எடுப்பேன். அதுல பலூன் ஒட்ட மாட்டேன்.

எனக்கும் பயமாத்தான் இருக்கு.

தம்பி


மே 18

சுண்டு,

முந்தாநேத்து ஏன் ஒண்ணும் சொல்லாம சடார்னு வெளியில போயிட்டேன்னு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பியிருக்கே. கோவமில்லடா. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல.

வாங்கற பட்டன் மேல விரலை வச்சுட்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. நீ மரத்தடியில அசையாம நின்னே. அவசரம் அவ்வளவு பொறுமையா நின்னு நான் பாத்ததே இல்ல. அதைப் பாத்துத்தான் அழுத்தினேன்.

பலகை போயிடுச்சு. அவரு கையை முட்டியில ஊனி எந்திரிச்சாரு. நீயும் பாத்தே. எவ்வளவு உயரமா வச்சிருந்திருக்காரு அந்தப் பொம்மையை! மருந்துக்காரி அவரு தோளுக்குத்தான் வர்றா. நிஜத்துல அவரு என் காது வரைக்கும்தான் இருப்பாரு. கள்ளன், அதனாலதான் உக்காந்தே இருந்தாரோ என்னவோ.

அது வரைக்கும் நீ பாத்தே. அதுக்கப்புறம் வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். நன்றி வரின்னு ஒண்ணு இருக்குன்னு நீ எழுதியிருந்தே, நான் அதைப் படிச்சுட்டு அப்படியே மறந்துட்டேன். அவரு கடையில இது வரைக்கும் யாரும் எதுவும் வாங்கினதில்ல. அதனால அவரு என்ன எழுதி வச்சிருந்தாருன்னு யாருக்கும் தெரியாது. அன்னிக்குப் பையைத் தூக்கறதுக்கு முன்னாடி அவசரமா தட்டிட்டுப் போயிருக்கணும், எழுத்துப்பிழையோட இருந்துச்சு. பிழையைத் திருத்தி எழுதறேன்:

"அட, வாங்கிட்டீங்களா! மகராசனா இருங்க. ஒரு உதவி. பக்கத்துல மருந்துக்காரின்னு ஒருத்தி நின்னா, எனக்காகக் காத்திருக்க வேணாம், சாப்பிடச் சொல்லுங்க."

நான்தானேடா வாங்கினேன். நான் போய் யாருகிட்ட சொல்றது?

அதான் போயிட்டேன். லேப்டாப்பை மூடிட்டு அந்த ரூம் வாசல்லயே உக்காந்துட்டேன்.

புத்தகத்துக்கு அந்தப் படத்தைக் கடைசிப் பக்கமா போடு. அவரு நிக்கறது, நான் முதுகைக் காட்டிட்டு நிக்கறது, ஓரத்துல குதிரை, போதும். பலூன் வேணாம். அவரு சொன்னது எனக்குச் சொன்னது. கீழ குறிப்பு மட்டும் நான் தர்றேன். தாழ்ப்பாள் ஏன் எழுந்திருப்பதே இல்லை? முதல் நாள் உள்ள வந்ததும் தெரியாம ஏதோ பட்டனைத் தட்டி உக்காந்துட்டாரு. எப்படி எந்திரிக்கறதுன்னு அவருக்குத் தெரியல, கேக்க வெக்கம். நாம ரெண்டு பேரும் அதைத்தான் பாத்திரத்தோட குணம்னு நெனச்சு எழுத ஆரம்பிச்சோம். அப்புறம் கத்துக்கிட்டாரு, ஆனா எந்திரிக்கல, நமக்காக உக்காந்திருந்தாரு. இவ்வளவுதான் போடு.

கம்ப்யூட்டர் இன்னும் ஓடுது. அவரு நின்னுட்டு இருக்காரு. மே முப்பத்தொண்ணு நீ வா. மறுநாளைக்கு லீவு போட்டுட்டு வா. சர்வர் நின்னப்புறம் அந்த ஸ்விட்ச்சை நீதான் அணைக்கணும், என்னால முடியாது. வர்றப்போ தலையணை எடுத்துட்டு வராதே, இருக்கு. அன்னிக்கு அந்த ரூம்லயே படு. சத்தம் இருக்காது.

சனிக்கிழமை அப்படியே இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் எழுந்து அடுப்பைப் பத்த வச்சேன். ஒரு தட்டுதான் எடுத்தேன். மூடி வைக்கல. உக்காந்து சூடா சாப்பிட்டேன்டா.

அக்கா